வயலுக்கு வரும் செப்டிக் டாங்க் லாரி

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பூச்சி மருந்து என்று எத்தனையோ விஷயங்களை இந்த நிகழ்ச்சியில் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கிற விஷயம். ஆனாலும் பேசாமல் விட முடியாது. ஏனென்றால் அது இப்போது உங்கள் வயல் வரப்பு வரைக்கும் வந்து நிற்கிறது. வீடுகளில் செப்டிக் டாங்க் சுத்தம் செய்கிற லாரியைத்தான் சொல்கிறேன்.

டவுனை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. இருட்டின பிறகு லாரி வந்து நிற்கும். டிரைவர் இறங்கி வந்து, "ஐயா, ஒரு லோடு இறக்கிக்கட்டுமா? நல்ல உரமுங்க, காசு வேண்டாம்" என்று கேட்பார். உரம் விற்கிற விலையில், சும்மா வருகிற உரத்தை யார் வேண்டாம் என்பார்கள்? "சரி, அந்த மூலையில விட்டுட்டுப் போப்பா" என்று சொல்லத்தான் தோன்றும். அந்த "சரி"யைச் சொல்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை இன்றைக்குப் பார்ப்போம்.

டாங்கில் என்ன நடக்கிறது?

செப்டிக் டாங்க் என்பது என்ன? கக்கூஸிலிருந்து வருவதை நிறுத்தி வைத்துத் தெளிய விடுகிற ஒரு தொட்டி, அவ்வளவுதான். கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கிறது. நடுவில் இருக்கிற நீர் மறுபக்கக் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகிறது. அடியில் படிந்த கசடைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செரித்துக் குறைக்கின்றன. குறைக்கின்றனவே தவிர, முழுக்கத் தீர்த்துவிடுவதில்லை. அதனால்தான் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கசடை எடுத்தாக வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். "மூணு வருஷம் டாங்கிலேயே ஊறிப்போனதுதானே, மக்கியிருக்காதா?" என்று பலர் கேட்கிறார்கள். எருக்குழியில் போட்ட சாணம் மக்குகிற மாதிரி இதுவும் மக்கியிருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. லாரிக்காரர் குழாயை விட்டு உறிஞ்சும்போது மூன்று வருஷத்துப் பழசும் வருகிறது, இன்று காலையில் விழுந்ததும் வருகிறது. இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் லாரியில் ஏறுகிறது. எருக்குழியில் சூடு ஏறும். அந்தச் சூட்டில் கிருமி சாகும். தண்ணீர் நிறைந்த டாங்கில் அந்தச் சூடு வருவதே இல்லை.

இதில் உரம் எவ்வளவு?

மனிதக் கழிவில் சத்து உண்டா என்றால், நிச்சயம் உண்டு. நம் நாட்டுச் சாப்பாட்டுக்கு ஓர் ஆள் ஒரு வருஷத்தில் வெளியேற்றுகிற கழிவில் சுமார் 2.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்குப் பதிமூன்று கிலோவுக்கு மேல். யூரியாவாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 29 கிலோ. 45 கிலோ மூட்டையில் பாதிக்கும் மேலே!

ஆனால் இந்தச் சத்தெல்லாம் லாரியில் வருகிறதா? இல்லை. தழைச்சத்தில் பெரும்பங்கு சிறுநீரில்தான் இருக்கிறது. அது தண்ணீரில் கரைந்து உறிஞ்சுகுழி வழியாகப் பூமிக்குள் போய்விடுகிறது. லாரியில் ஏறுவதில் பெரும்பாலும் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர்தான். 5,000 லிட்டர் லாரி ஒரு நடை இறக்கினால், காய்ந்த பிறகு நிலத்தில் நிற்பது கால் டன்னுக்கும் குறைவு. ஒரு வண்டி தொழு உரம் என்று நினைத்து ஏற்றுக்கொள்கிறோம். கிடைப்பது என்னவோ நாலைந்து மூட்டைக் கசடு. அந்த நாலைந்து மூட்டையோடு கூட வருவது என்ன என்பதுதான் முக்கியம்.

கூட வருவது என்ன?

முதலாவது, குடற்புழு. நாக்குப் பூச்சி என்று நாம் சொல்கிற உருண்டைப் புழு இருக்கிறதே, அதன் பெண்புழு ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு லட்சம் முட்டை இடும். அந்த முட்டைக்குக் கெட்டியான ஓடு உண்டு. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழு வேறு வகை. அதன் குஞ்சுகள் மண்ணில் காத்திருந்து, வெறுங்காலோடு நடப்பவரின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். களை எடுக்க வருகிற பெண்கள் செருப்பில்லாமல்தானே வயலில் இறங்குகிறார்கள்? ரத்தசோகை, அசதி, தலைசுற்றல் என்று அவர்கள் ஆஸ்பத்திரிக்கு அலைவதற்கு நாம் "சரி" சொன்ன அந்த ஒரு லோடு காரணமாக இருந்துவிடக்கூடாது அல்லவா?

இரண்டாவது, காலரா, டைபாயிடு, மஞ்சள் காமாலை போன்ற நோய்களின் கிருமிகள். கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, வெள்ளரி என்று பச்சையாகச் சாப்பிடுகிற பயிரில் இவை ஒட்டிக்கொண்டு சந்தைக்கே போய்விடும்.

மூன்றாவது, கிணறு. ஒரே இடத்தில் லோடு மேல் லோடாக இறக்கினால், கசடிலுள்ள தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று இந்திய தர நிர்ணயம் சொல்கிறது. அதற்கு மேல் போன தண்ணீரைப் பால்பவுடரில் கலந்து கைக்குழந்தைக்குக் கொடுத்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து குழந்தையின் உடம்பு நீலம் பாய்ந்துவிடும்.

நான்காவதும் ஒன்று உண்டு. லாரிக்காரர் அன்றைக்கு எங்கெங்கே எடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. வீட்டு டாங்கோடு பட்டறைக் கழிவும் ஓட்டல் எண்ணெயும் கலந்திருக்கலாம். பிளாஸ்டிக், பிளேடு, நாப்கின் எல்லாம் வரும். கிருமியாவது காலப்போக்கில் சாகும். உலோக விஷம் மண்ணிலேயே தங்கிவிடும்.

முன்பு போட்டோமே?

"அந்தக் காலத்தில் நகராட்சிக் கம்போஸ்டை வாங்கிப் போட்டோமே, நல்லாத்தானே விளைஞ்சுது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1939-ல் பெங்களூரில் டாக்டர் ஆச்சார்யா என்ற விஞ்ஞானி ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பள்ளம் தோண்டி, ஊர்க்குப்பை ஓர் அடுக்கு, மலம் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே மண்ணால் மூடி, மாதக்கணக்கில் மக்க விடுவது. அதற்குப் பெங்களூர் முறை என்றே பெயர். பல நகராட்சிகள் அப்படித்தான் கம்போஸ்ட் தயாரித்தன. அதாவது அன்றைக்கும் பச்சைக் கசடை நேரே வயலில் ஊற்றச் சொல்லவில்லை. மக்கவைத்துத்தான் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தக் கம்போஸ்டுக்குப் பின்னால் ஒரு பெரிய அநியாயமும் இருந்தது. எடுப்புக் கக்கூஸிலிருந்து கூடையிலும் வாளியிலும் அள்ளித் தலையில் சுமந்தவர்கள் சில சாதி மக்கள்தான். 1993-லும், பிறகு இன்னும் கடுமையாக 2013-லும் மத்திய சட்டங்கள் வந்து அதைத் தடை செய்தன. சத்து மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பது சரி. அதற்காக ஒரு மனிதன் மலத்தில் கை வைக்க வேண்டும் என்பது சரியில்லை. இன்றைக்கு இயந்திரம் இருக்கிறது, முறை இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2014-ம் வருஷம் செப்டிக் டாங்க் கசடை எப்படி எடுப்பது, எங்கே கொண்டுபோவது என்பதற்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2017-ல் மத்திய அரசு இதற்கென்றே ஒரு தேசியக் கொள்கையை அறிவித்தது. 2022-ல் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, அதையொட்டி விதிகளும் வகுத்தார்கள். அதன்படி கசடு எடுக்கும் வண்டிக்கு உள்ளாட்சியின் உரிமம் கட்டாயம். உரிமக் கட்டணம் 2,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்குச் செல்லும். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று காட்டுகிற ஜி.பி.எஸ். கருவி பொருத்தியிருக்க வேண்டும். எடுத்த கசடைக் குறிப்பிட்ட சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும். கண்ட இடத்தில் கொட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் அபராதம், மறுபடியும் செய்தால் 50,000 ரூபாய்.

இது நகரத்து விதிதானே, கிராமத்துக்கு என்ன என்று கேட்கலாம். டவுனில் எடுத்ததைக் கொட்டுவதற்கு ஆள் பார்க்காத இடம் தேடித்தான் வண்டி கிராமத்துக்கு வருகிறது. அதோடு, ஆறு, ஓடை, கிணறு, நிலம் எதிலும் அளவுக்கு மீறி அசுத்தத்தை விடக்கூடாது என்று 1974-ம் வருஷத்து நீர் மாசு தடுப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் சொல்கிறது. நாளைக்கு வாய்க்காலில் கசடு கலந்து ஊர் கூடினால், "நிலத்துக்காரர் சம்மதிச்சுத்தானே இறக்கினேன்" என்று டிரைவர் உங்கள் பக்கம் கையைக் காட்டிவிடுவார்.

லாரிக்காரரையும் ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. அவர் ஊருக்குத் தேவையான வேலையைச் செய்கிறவர். சுத்திகரிப்பு நிலையம் தூரத்தில் இருந்தால் டீசல் செலவு கட்டுப்படியாகாது. போய்ச் சேரும்போது கேட் பூட்டியிருந்தால் லோடோடு எங்கே நிற்பார்? ஆகவே சட்டம் அபராதம் போட்டால் மட்டும் போதாது. எட்டுகிற தூரத்தில் நிலையம் இருக்க வேண்டும். வேலை நேரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வண்டிக்கூலி நியாயமாக இருக்க வேண்டும். இவை மூன்றும் இல்லாத ஊரில் இருட்டில் வருகிற லாரி நிற்காது. இதைக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

நிலையத்தில் என்ன செய்கிறார்கள்?

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் தமிழ்நாட்டின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. லாரி அங்கே வந்து இறக்கும். கம்பிவலை பிளாஸ்டிக்கையும் துணியையும் பிடித்துக்கொள்ளும். கசடு, மணலும் ஜல்லியும் பரப்பிய பாத்திகளில் பாயும். நெல் காயப்போடுகிற களம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்; அடியில் மட்டும் தண்ணீர் வடிய வழி இருக்கும். வடிந்த நீர் தொட்டி, வடிகட்டி, செடி வளர்த்த ஜல்லிப் படுகை என்று பல கட்டம் தாண்டித் தெளியும். பாத்தியில் தங்கின கசடு வெயிலில் காய்ந்து ஓடு ஓடாக வெடிக்கும்.

கர்நாடகத்தில், பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் 2015-ல் இதே மாதிரி ஒரு நிலையம் வந்தது. அங்கே காய்ந்த கசடை ஊரின் காய்கறிக் கழிவோடு சேர்த்துக் குவித்து மக்கவைக்கிறார்கள். குவியலுக்குள் சூடு 50 டிகிரிக்கு மேல் ஏறி, ஒரு வாரத்துக்குக் குறையாமல் நின்றால் கிருமியும் புழு முட்டையும் சாகும். இது உலக சுகாதார நிறுவனம் 2006-ல் சொன்ன அளவு. மக்கவைக்க வசதி இல்லாவிட்டால், நம்மைப் போன்ற வெப்பமான நாட்டில் காய்ந்த கசடை மழை படாமல் ஒரு வருஷத்துக்கு மேல் சேமித்து வைக்க வேண்டும் என்பதும் அவர்கள் கணக்கு.

நம் திருச்சி மாவட்டம் முசிறியில் 2006-லேயே வேறு ஒரு வழியைச் செய்து பார்த்தார்கள். சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கிற பொதுக் கழிப்பறை கட்டினார்கள். வந்து போகிறவர்களுக்குக் காசும் கொடுத்தார்கள்! சேர்ந்த சிறுநீரை வாழைக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். சத்து சிறுநீரில்தான் அதிகம் என்று முன்னே சொன்னேன் அல்லவா, அதன் பொருள் இங்கே விளங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

பச்சைக் கசடை வயலில் இறக்க வருகிறவரிடம் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு பஞ்சாயத்துக்குத் தெரிவியுங்கள். பக்கத்துப் புறம்போக்கிலோ ஓடையிலோ கொட்டினாலும் அப்படியே செய்யுங்கள்.

மக்கிய கசடு உரம் வாங்குவதென்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாள் மக்கவைத்தது? கிருமியும் உலோகமும் பரிசோதித்த அறிக்கை உண்டா? எந்தப் பயிருக்கு, எவ்வளவு? மூன்றுக்கும் பதில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். தென்னை, மரப்பயிர், பருத்தி, தீவனச்சோளம் போன்றவற்றுக்குப் போடலாம். கீரைக்கும் பச்சையாகத் தின்கிற காய்க்கும் கிழங்குக்கும் வேண்டாம். கடைசி உழவில் போட்டு மண்ணோடு கலந்து விடுங்கள். மரமானால் வட்டக்குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். காலில் பூட்ஸ், கையில் உறை கட்டாயம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மண் பரிசோதனை செய்து, மீதிச் சத்துக்கு வழக்கமான உரத்தைக் கணக்காகப் போடுங்கள்.

வீட்டு டாங்க் விஷயத்துக்கு வருவோம். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி தூரம் விடுங்கள். டாங்கின் அடியையும் சுவரையும் சிமெண்டுப் பூச்சு போட்டு நீர் கசியாமல் கட்டுங்கள். அடி பூசாத டாங்க் "பத்து வருஷமா நிறையவே இல்லை" என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. நிறையாததற்குக் காரணம், அது கிணற்றுப் பக்கம் கசிந்துகொண்டிருப்பதுதான். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இடமும் மண்ணும் ஒத்துவந்தால் இரட்டைக் குழிக் கழிப்பறை நல்லது. ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைத் திறந்து விடலாம். மூடின குழியில் புதிதாக எதுவும் விழுவதில்லை. இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் நாற்றமில்லாத மண்ணாக இருக்கும். செப்டிக் டாங்கில் கிடைக்காத வசதி இது.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. எந்தக் காரணத்துக்காகவும் ஆளை டாங்கில் இறக்காதீர்கள். உள்ளே தேங்கியிருக்கும் விஷவாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இறங்குகிற அடுத்தவரும் விழுவார். அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். 2013-ம் வருஷச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், இறக்கச் சொன்னவருக்கு முதல் தடவையே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்புச் சொன்னது. உரிமம் உள்ள வண்டியைக் கூப்பிடுங்கள். நகரப் பகுதியில் 14420 என்ற எண்ணில் கேட்கலாம். வண்டி வந்தால், "கசடை எங்கே இறக்கப் போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து போவது இன்னொருவர் வயலுக்குப் போகாமல் இருக்க அந்த ஒரு கேள்வி உதவும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இரண்டு விஷயங்களைப் பேசித் தீர்மானம் போடுங்கள். நம் ஊர் எல்லையில் பச்சைக் கசடு இறக்கக்கூடாது என்பது ஒன்று. பக்கத்து நகரத்து நிலையத்தில் நம் ஊர்க் கசடையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்புவது நல்லதுதான். அது காய்ந்து, மக்கி, சோதனை முடிந்து, பகல் வெளிச்சத்தில், பில்லோடு வரட்டும். அப்போது நாமே காசு கொடுத்து வாங்குவோம்.